அண்ணன் எடுக்கும் மாத்திரை எனக்கும் சரிவருமா?

கேள்வி: எனக்கு வயது 34. வீடு வேலூர் சத்துவாச்சாரியில். ராணிப்பேட்டையில் தோல் பொருள் ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் ஷிப்பிங் ஆவணங்கள் பார்க்கிற வேலை. சின்ன வயதிலிருந்தே எதிலும் மனம் நிற்காது. ஓடி ஆடித் தொந்தரவு செய்கிற பிள்ளையாக நான் இருந்ததில்லை, சும்மா உட்கார்ந்து எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பேன். இன்வாய்ஸில் எண்கள் மாறிப்போய் இரண்டு முறை சரக்கு துறைமுகத்திலேயே நின்றுவிட்டது. போன மாதம் ஒரு மனநல மருத்துவர், இது கவனக்குறைவு வகை ஏடிஎச்டி (கவனச்சிதறல்–துறுதுறுப்புக் கோளாறு) என்று சொல்லி, மெத்தில்ஃபெனிடேட் 10 மி.கி. காலையில் ஒன்று எழுதிக் கொடுத்தார். முதல் வாரத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. ஆனால் மதியம் ஒரு மணிக்கு மேல் எரிச்சல், சோர்வு, சில நாள் அழுகையே வருகிறது. அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணனுக்கும் இதே பிரச்சினை. முதலில் அடரால் 30 எடுத்தார், இப்போது வைவான்ஸ் 50. 'உனக்குக் கொடுத்தது பழைய மருந்து, டோஸும் ரொம்பக் கம்மி, நான் ஊருக்கு வரும்போது என்னுடையதைக் கொண்டுவந்து தருகிறேன்' என்கிறார். எதுதான் நல்ல மருந்து? இங்கே நாலு கடை ஏறி இறங்கினால்தான் இந்த மாத்திரையே கிடைக்கிறது, கடைக்காரர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். அப்பாவுக்கு 49 வயதில் மாரடைப்பு வந்தது. மாத்திரை பழகிவிடுமோ என்றும் பயம். மாமியார் வேறு 'எதுக்கு மனநோய் மாத்திரை' என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். ஆறு வயது மகளுக்கும் இது இருக்குமா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

முதல் வாரத்திலேயே வித்தியாசம் தெரிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது அந்த வரிதான். மருந்து உங்களிடம் வேலை செய்கிறது. மதியம் வரும் எரிச்சலும் அழுகையும், நீங்கள் விவரிக்கிற நேரத்தை வைத்துப் பார்த்தால், பெரும்பாலும் மருந்து தீர்ந்துபோவதால் வருபவை. மருந்தை மாற்றுவதற்கு முன்னால் அதன் நேரத்தைச் சரிசெய்து பார்க்க வேண்டும். அண்ணனின் மாத்திரை வேண்டாம். ஏன் என்று விரிவாகவே சொல்கிறேன்.

சாதாரண 10 மி.கி. மெத்தில்ஃபெனிடேட், விழுங்கி ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி, மூன்று நான்கு மணி நேரத்தில் இறங்கிவிடும். எட்டரை, ஒன்பது மணிக்கு டிபனை முடித்துவிட்டு மாத்திரை போட்டால், ஒரு மணிக்கு அதன் பலம் போயிருக்கும். அப்படி இறங்கும்போது சிலருக்கு மாத்திரையே எடுக்காத நாளைவிடக் கொஞ்ச நேரம் மோசமாக இருக்கும். காரணமில்லாமல் கோபம் வரும், கண் கலங்கும், தலை வலிக்கும், உடம்பு துவண்டுபோகும். ஒரு மணி நேரம் போல இருந்துவிட்டுத் தானாகத் தெளியும். மதியச் சாப்பாட்டையும் தள்ளிப்போட்டால் இது இன்னும் கூடும். இந்த மருந்து பசியை மறைப்பதால், சாப்பிடவே இல்லை என்பதே பலருக்குத் தெரியாமல் போகிறது. பசிக்கிறதோ இல்லையோ, மணி பார்த்துச் சாப்பிடுங்கள்.

இதைச் சரிசெய்ய உங்கள் மருத்துவருக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. முதல் மாத்திரை இறங்குவதற்குச் சற்று முன்பு, பன்னிரண்டு மணிவாக்கில், இரண்டாவது மாத்திரை கொடுக்கலாம். இல்லையென்றால் காலையிலேயே நெடுநேரம் வேலை செய்யும் வகையைக் கொடுக்கலாம். அதே மெத்தில்ஃபெனிடேட்தான், மெதுவாக வெளிவரும் மாத்திரை ஆறிலிருந்து எட்டு மணி நேரம் தாங்கும். கான்செர்டா என்று அமெரிக்காவில் 2000-ல் வந்த வகை, உள்ளே நீரை உறிஞ்சிக்கொண்டு மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளும். அது பத்து, பன்னிரண்டு மணி நேரம் வரை நிற்கும். அதன் காலிக் கூடு மலத்தில் அப்படியே வெளியே வருவதுண்டு. பார்த்துவிட்டு மாத்திரை கரையவில்லை என்று பயப்பட வேண்டாம். இந்த நீண்ட நேர மாத்திரைகளை உடைக்கவோ மெல்லவோ கூடாது. உடைத்தால் ஒரு நாளைக்கான மருந்து ஒரே மூச்சில் இறங்கிவிடும்.

உங்களுக்கு எது பொருந்தும் என்று என்னைக் கேட்டால், நீண்ட நேர வகை என்பேன். மறதியே பிரச்சினையாக இருப்பவர், அதுவும் கப்பல் தேதி நெருக்குகிற அலுவலகத்தில், மதிய மாத்திரையை நினைவு வைத்துத் தினமும் எடுப்பது கடினம். அலுவலகத்தில் எல்லார் முன்னாலும் மாத்திரைப் பட்டையை எடுக்கத் தயங்குகிறவர்களையும் நான் நிறையப் பார்க்கிறேன். ஆனால் நீண்ட நேர வகையில் தூக்கம் கெடுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு இரண்டு சின்ன மாத்திரைகளே நல்லது. சாதாரண மாத்திரையைச் சாயங்காலம் நாலு மணிக்குப் பிறகு எடுக்காமல் இருப்பது நலம்.

அடுத்த தடவை மருத்துவரைப் பார்க்கும் முன் இரண்டு வாரத்துக்கு ஒரு சின்ன நோட்டில் குறித்து வையுங்கள்: எத்தனை மணிக்கு மாத்திரை, எப்போது தெளிவு வந்தது, எப்போது இறங்கியது, என்ன சாப்பிட்டீர்கள், எப்போது தூங்கினீர்கள். மாதவிலக்கு தேதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தில் அதே மருந்து போதவில்லை என்று பல பெண்கள் சொல்கிறார்கள். அது தெரியாமல் மருந்தையே மாற்றிவிடுகிற நிலை வரக்கூடாது.

இனி அண்ணன் சொன்னதற்கு வருகிறேன்.

ஏடிஎச்டிக்காகப் பெரியவர்களுக்குக் கொடுக்கும் தூண்டல் மருந்துகள் (மூளையைத் தூண்டிக் கவனத்தைக் கூட்டுபவை) இரண்டே குடும்பம்தான். ஒன்று மெத்தில்ஃபெனிடேட், மற்றொன்று ஆம்ஃபெட்டமின். அண்ணன் எடுத்த அடரால், ஆம்ஃபெட்டமின் உப்புகளின் கலவை. வைவான்ஸ் என்பது லிஸ்டெக்ஸ்ஆம்ஃபெட்டமின். இதில் ஆம்ஃபெட்டமினோடு லைசின் என்ற அமினோ அமிலம் ஒட்டியிருக்கும். ரத்தத்தில் அந்த ஒட்டு பிரிந்த பிறகே மருந்து வேலை செய்யும், அதனால் மெதுவாக ஏறிப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலும் நிற்கும். அமெரிக்காவில் 2007-ல் குழந்தைகளுக்கும், அடுத்த ஆண்டு பெரியவர்களுக்கும் அனுமதி கிடைத்தது.

மூளையில் கவனத்துக்கு வேண்டிய டோபமைன், நார்எபினெஃப்ரின் என்ற இரண்டு பொருட்களை இரு குடும்பமும் கூட்டுகின்றன, கூட்டும் விதம்தான் வேறு. நம் ஊர்ப்பக்கத்து ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். மெத்தில்ஃபெனிடேட் மதகை அடைக்கிறது. வந்த தண்ணீர் வெளியேறாமல் நிற்கிறது. ஆம்ஃபெட்டமின் மதகையும் அடைத்து, வரத்துக் கால்வாயையும் திறந்துவிடுகிறது. அதனால்தான் மில்லிகிராமுக்கு மில்லிகிராம் பார்த்தால் ஆம்ஃபெட்டமின் ஏறக்குறைய இரண்டு மடங்கு பலம். வைவான்ஸில் எழுதியிருக்கும் 50 என்ற எண்ணில் லைசினின் எடையும் சேர்ந்திருக்கிறது. ஆகவே அவருடைய 30, 50-ஐ உங்களுடைய 10-க்குப் பக்கத்தில் வைத்து 'கம்மி' என்று சொல்ல வழியே இல்லை. பெரியவர்களுக்கு உடல் எடையை வைத்தும் இந்த டோஸைக் கணக்கிடுவதில்லை. குறைவாகத் தொடங்கி, வாரக்கணக்கில் மெல்ல ஏற்றி, பலன் தெரிகிற இடத்தில் நிறுத்த வேண்டும். 10-ல் தொடங்கியது முறையான தொடக்கம்தான். ஏற்றும்போது பேச்சு குறைந்து, முகம் இறுகி, 'நான் நானாகவே இல்லை' என்று தோன்றினால் டோஸ் கூடிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். உங்களைப் போல அமைதியான வகையினரிடம் இதை முதலில் கவனிப்பவர்கள் பெரும்பாலும் வீட்டில் இருப்பவர்கள்தான்.

பழைய மருந்து என்றாரே, அதுவும் சரியில்லை. மெத்தில்ஃபெனிடேட் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சீபா கம்பெனியில் 1944-ல் உருவானது. அதற்கு முன்பே, 1937-ல், சார்லஸ் பிராட்லி என்ற அமெரிக்க மருத்துவர் ஆம்ஃபெட்டமினைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்து எழுதிவிட்டார். வயதில் மூத்தது அண்ணனுடைய மருந்துக் குடும்பம்தான்.

எது நல்லது என்பதற்கு ஆய்வு என்ன சொல்கிறது? 2018-ல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் 133 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு பெரிய ஒப்பீடு வந்தது. பெரியவர்களுக்குச் சராசரியாக ஆம்ஃபெட்டமின் கொஞ்சம் கூடுதல் பலன் தருவதாகவும், மெத்தில்ஃபெனிடேட் அதற்கு அடுத்தது என்றும் அது சொன்னது. அந்தக் கணக்கு ஏறக்குறைய மூன்று மாதம் வரையிலான பலனைப் பற்றியது. அதே ஆண்டு வந்த பிரிட்டிஷ் வழிகாட்டி, பெரியவர்களுக்கு லிஸ்டெக்ஸ்ஆம்ஃபெட்டமின், மெத்தில்ஃபெனிடேட் இரண்டில் எதை வேண்டுமானாலும் முதலில் தரலாம் என்கிறது. உங்கள் அண்ணன் சொல்வதில் ஓர் உண்மை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் சராசரி என்பது ஆயிரக்கணக்கானவர்களுடையது. தனி ஆளாகப் பார்த்தால் ஒன்று பலிக்காதவருக்கு மற்றது பலிக்கும், சிலருக்கு இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். மெத்தில்ஃபெனிடேட் உங்களுக்குப் பலித்திருக்கிறது. அதன் நேரத்தையும் அளவையும் சரியாக அமைத்துப் பார்க்காமலே கைவிடுவது நஷ்டம். கவனக்குறைவு வகைக்கென்று தனி மருந்தும் கிடையாது. துறுதுறுப்புக்குக் கொடுக்கும் அதே மருந்துகள்தான் இதற்கும்.

அப்புறம், நம் நாட்டு மருந்துக்கடைகளில் ஆம்ஃபெட்டமின் வகை மாத்திரைகள் கிடைப்பதில்லை. மெத்தில்ஃபெனிடேட்தான் இன்ஸ்பைரல், ஆட்வைஸ் போன்ற பெயர்களில் வருகிறது. ஆம்ஃபெட்டமின் 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகிற பொருள். அண்ணன் தன் பேரில் வாங்கிய மாத்திரையை உங்களுக்குக் கொண்டுவந்து கொடுத்தால், அங்கேயும் குற்றம், இங்கேயும் சிக்கல். சட்டத்தை விடுங்கள், மருத்துவமாகவும் ஆபத்துதான். ரத்த அழுத்தம் பார்க்கவோ டோஸ் குறைக்கவோ ஆள் இல்லாமல், அவர் திரும்பிப் போனதும் தீர்ந்துவிடுகிற ஒரு மருந்தை நம்பி இருக்க முடியாது. அவர் அன்பில்தான் சொல்கிறார், கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்தப் பதிலை அவருக்கும் படிக்கக் கொடுங்கள்.

கடைக்காரர்கள் பார்க்கிற பார்வைக்கும் காரணம் உண்டு. மெத்தில்ஃபெனிடேட், மருந்து விதிகளில் எக்ஸ் அட்டவணையில் இருக்கிறது. அதை விற்கத் தனி உரிமம் வேண்டும், பூட்டி வைக்க வேண்டும், மருந்துச் சீட்டு இரண்டு படிகளாக இருக்க வேண்டும், ஒரு படியைக் கடைக்காரர் இரண்டு ஆண்டு பத்திரப்படுத்த வேண்டும். இந்த வேலைக்குப் பயந்தே பல கடைகள் வாங்கி வைப்பதில்லை. உங்கள் மேல் சந்தேகம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மருத்துவரிடம் இரண்டு படியும் கேட்டு வாங்குங்கள், எந்தக் கடையில் இருப்பு இருக்கிறது என்று அவரிடமே கேளுங்கள். பெரிய மருத்துவமனைகளின் உள் மருந்தகத்தில் கிடைக்க வாய்ப்பு அதிகம். கடைசி மாத்திரை வரை காத்திராமல் ஒரு வாரம் மிச்சம் இருக்கும்போதே போய்விடுங்கள்.

அப்பாவுக்கு 49 வயதில் மாரடைப்பு என்பதை உங்கள் மருத்துவரிடம் சொன்னீர்களா? சொல்லவில்லையென்றால் இந்த வாரமே சொல்லுங்கள். அதனால் மட்டும் மருந்தை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் இந்த மருந்துகள் நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஓரளவு ஏற்றும். பெரும்பாலானவர்களுக்கு ஏறுவது சில புள்ளிகள்தான். அந்தச் சில புள்ளியும் யாருக்கு ஏறுகிறது என்பதில் கவனம் வேண்டும். மாடி ஏறும்போது நெஞ்சுவலி, மயக்கம், படபடப்பு வந்ததுண்டா, குடும்பத்தில் சின்ன வயதில் திடீரென்று இறந்தவர்கள் உண்டா என்று மருத்துவர் கேட்க வேண்டும். ஒரு ஈசிஜி, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு, ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். தைராய்டு கோளாறும் ரத்தசோகையும் கவனத்தைக் கெடுக்கும், நம் பெண்களிடம் இரண்டுமே அதிகம். இந்த மருந்துகளை ஆண்டுக்கணக்கில் எடுத்தவர்களிடம் உயர் ரத்த அழுத்தம் சற்று அதிகம் என்று ஸ்வீடனில் நடந்த ஒரு பெரிய ஆய்வு கண்டிருக்கிறது. அதனால் டோஸ் மாறும்போதெல்லாம் ஒரு முறை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது அழுத்தம் பார்ப்பதை விடக்கூடாது. நெஞ்சுவலி, மயக்கம், இல்லாத குரல் கேட்பது, எல்லோர் மேலும் சந்தேகம், உயிரை விடும் எண்ணம் — இவற்றில் எது வந்தாலும் அடுத்த மாத்திரையை எடுக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மனம் தாங்காத ராத்திரி நேரத்தில் 14416 என்ற, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸில் தமிழிலேயே பேசலாம்.

கத்திரி வெயிலில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும்போது இந்த மருந்து எடுப்பவர்களுக்கு வாய் வறட்சியும் தலைவலியும் கூடும். தண்ணீர் பாட்டில் கையோடு இருக்கட்டும். டீயை இரண்டு வேளையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், டீயும் மருந்தும் சேர்ந்தால் படபடப்பு வரும். இன்னொரு குழந்தைக்கு எண்ணம் இருந்தால் முயற்சி தொடங்கும் முன்பே மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

பழகிவிடுமா என்ற பயம் நியாயமானது. தூண்டல் மருந்துகளைத் தவறாகப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். பொடித்து மூக்கில் இழுப்பது, போதைக்காக நிறைய விழுங்குவது என்று. மருந்து மூளைக்குள் எவ்வளவு வேகமாக ஏறுகிறதோ அவ்வளவுக்குப் போதை. வாய்வழியாக, சொன்ன அளவில் எடுக்கிற உங்களைப் போன்றவர்களுக்கு அந்த ஆபத்து குறைவு, மெதுவாக ஏறும் வகையில் இன்னும் குறைவு. முன்பு மதுவோ வேறு போதையோ பழக்கம் இருந்தவர்கள் மட்டும் அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ராணிப்பேட்டைக்கு நீங்கள் ஸ்கூட்டரில் போகிறவராக இருந்தால், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையின் லாரிகளுக்கு நடுவே கவனம் சிதறுவதுதான் எனக்குப் பெரிய கவலை. 2017-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய ஆய்வில், ஏடிஎச்டி உள்ளவர்கள் மருந்து எடுத்த மாதங்களில் வாகன விபத்தால் அவசர சிகிச்சைக்குப் போவது ஆண், பெண் இருபாலரிடமும் குறைந்திருந்தது.

தூண்டல் மருந்தே ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அட்டாமாக்செட்டின் இருக்கிறது. ஆக்செப்டா, அட்டென்ட்ரால் என்று கிடைக்கும். இதில் போதை ஆபத்து இல்லை, நாள் முழுக்கப் பலன் இருக்கும், மதியச் சரிவும் இல்லை. ஆனால் பலன் தெரிய ஒன்றிரண்டு மாதம் ஆகும், தொடக்கத்தில் குமட்டும். இதயத்துக்குப் பாதுகாப்பு என்று நினைத்து இதற்கு மாறாதீர்கள். இதுவும் நாடியையும் அழுத்தத்தையும் ஏற்றும். கூட வேலை செய்கிறவர்கள் யாராவது மோடாஃபினில் நல்லது என்று சொன்னால் கேட்க வேண்டாம். அது தூக்க நோய்க்கான மருந்து. கருத்தடை மாத்திரையின் வேலையையும் அது குறைக்கும்.

மருந்து உங்கள் கவனத்தை ஒரு இடத்தில் நிற்க வைக்கும். எங்கே நிற்க வேண்டும் என்று அது சொல்லாது. எண் சரிபார்க்கும் வேலையை மருந்து நன்றாக வேலை செய்யும் பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணிக்குள் வையுங்கள். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில் மூன்றையும் வாய்விட்டுப் படித்து ஒப்பிடுங்கள். அனுப்பும் முன் இன்னொருவர் பார்க்கிற வழக்கத்தை உங்கள் பிரிவில் கொண்டுவர முடிந்தால் அது எல்லோருக்குமே நல்லது.

மாமியாருக்கு நீண்ட விளக்கம் வேண்டாம். 'வேலையில் தப்பு வராமல் இருக்க டாக்டர் கொடுத்தது, அத்தை' என்றால் போதும். பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் 1957 முதல் நடக்கிற ஊர் இது, அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரியிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. நம் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் யாராவது ஒருவர் அந்த வாசலை மிதித்திருப்பார்கள்.

கடைசியாக மகள். ஏடிஎச்டி குடும்பவழி வருவது அதிகம். அண்ணன் தங்கை இருவருக்கும் இருப்பதே அதற்குச் சாட்சி. அவளுக்கும் வர வாய்ப்பு மற்ற பிள்ளைகளைவிடக் கூடுதல், ஆனால் வந்தே தீரும் என்று இல்லை. ஆறு வயதில் கவனம் அலைவது இயல்பு. இப்போது எந்தப் பரிசோதனையும் வேண்டாம். இரண்டாம், மூன்றாம் வகுப்பில் எழுத்து வேலை கூடும்போது, வீட்டிலும் பள்ளியிலும் ஒரே குறை ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்தால் கூட்டிப்போங்கள். வகுப்பில் சத்தம் போடாத பெண் பிள்ளையைப் பற்றி டீச்சர் தானாக வந்து புகார் சொல்வது அரிது. அதனால் பெற்றோர் கூட்டத்தில் மார்க்கை மட்டும் கேட்காமல், பாடம் நடக்கும்போது அவள் என்ன செய்கிறாள், தொடங்கியதை முடிக்கிறாளா, போர்டில் இருப்பதை எழுதி முடிக்க எவ்வளவு நேரம் எடுக்கிறாள் என்று நீங்களே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.